கையால் குடிபெயர்த்தல்

வீடு மாற்றுகிறவர்கள் லாரி பிடிப்பார்கள்.
நதேலாவின் நாட்டில் லாரி என்பது பணம்.
அறுபது லாரி கொடு,
மெயில் மொத்தத்தையும் மாற்றித் தருகிறேன்
என்றான் கணினிக் கடைக்காரன்.
அறுபது லாரிக்கு
ஒரு லிஃப்ட் கதவுக்கு உருளை வாங்கலாம்.
கையாலேயே மாற்றுகிறாள்.

குத்தாயிசியில் பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு கலங்கிப் போகிறது.
லிஃப்ட் பராமரிப்பு அலுவலகம் என்பது
ஒரு மேஜை, ஒரு ஹீட்டர்,
ஆன் செய்தால் ஆஸ்துமாக்காரர் மாடியேறுவதுபோல்
இரைக்கிற பழைய கணினி.
பக்கத்தில் புதியது,
மூச்சு விடுகிறதா என்றே தெரியவில்லை.

மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டாள்:
உள்ளே வர 995.
வெளியே போக 465.
கடவுச்சொல், முதல் நாயின் பெயரோடு
இரண்டாம் கணவன் பிறந்த வருடம்.
நாய் சரி. வருடம் தப்பு.
மூன்றாம் முயற்சியில் திறந்தது.

கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று
அதுவரை அவள் கேட்டதே இல்லை.
ஒரு கோப்புறைக்குள் மறைத்துவைத்த கோப்புறை,
அதற்குள் இன்னொன்று,
அதன் பெயர் உளறலாய் எட்டெழுத்து.
இத்தனை வருடம் இந்தத் தெருவிலா இருந்தீர்கள்?

பென்டிரைவில் ஏற்றினாள்.
நான்கு மணி நேரம் ஆகும் என்றது.
பிறகு பதினொரு நிமிடம்.
பிறகு இரண்டு நாள்.
பிறகு கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.

இருட்டிய பிறகு புதியதில் இறக்கித் திறந்தாள்.
படித்து முடித்த ஒன்பதாயிரம் கடிதமும்
தடித்த எழுத்தில் நின்று
நீ எங்களைப் படிக்கவே இல்லை என்றன.
செனாகி ஊர்ப் புகார்கள் மட்டும் எழுத்து உடைந்து
வரிவரியாய்க் கேள்விக்குறி.
அதில் பெரிய நஷ்டமில்லை,
அவை முன்பும் அப்படித்தான் இருந்தன.

அப்போது திரையின் மூலையில்
சின்னதாய் ஒரு வரி:
ஒரு கடிதம் அனுப்பப்படுகிறது.

எந்தக் கடிதம்?
வயரைப் பிடுங்கக் கை போவதற்குள்
போய்விட்டது.

குராமுக்கு.
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.
அந்த நகரத்து லிஃப்ட்டில் ஏற
இருபது தெத்ரி போடவேண்டும்.
காசுப்பெட்டியில் நாற்பத்திரண்டு லாரி குறைந்த மாதம்
கூட்டாளியைத் திருடன் என்றாள்,
ஆட்கள் முன்னால்.
அவன் ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

எழுதியிருந்தது இவ்வளவுதான்:
காசு கிடைத்தது.
பெட்டியின் பின்தகட்டில் ஓட்டை.
நான் சொன்னது தப்பு.
மூன்றாம் வாசல் லிஃப்ட் நடுவில் நிற்கிறது, வா.

அன்றைக்கும் கரண்ட் போயிருக்கவேண்டும்.
மறுநாள் வேறு முகவரிக்கு மாறிவிட்டாள்.
பழைய கணக்கின் அவுட்பாக்ஸில்
வாசல்படியில் செருப்பு மாட்டிய நிலையில்
உட்கார்ந்திருக்கிறது கடிதம்.
வராதவனின் மௌனத்தை
அவளோ பதிலாகப் படித்துவந்தாள்,
வருடத்துக்கு வருடம் வேறு வேறு அர்த்தத்தில்.

லிஃப்ட்டை அப்போதே
யாரோ சோவியத் கால ஆள் வந்து சரிசெய்தார்.
குராம் பத்தூமித் துறைமுகத்தில் கிரேன் பார்க்கிறான்
என்று கேள்வி.

இரவு தூங்கவில்லை என்று சொல்லமுடியாது.
தூங்கினாள். கொஞ்சம்.

காலையில் ஒன்பதாயிரத்துக்கும் மேலே
ஒன்றே ஒன்று,
நிஜமாகவே படிக்காதது.
அவனுக்குப் பழக்கமே அதுதான்,
வணக்கம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது:

எந்த இரண்டு மாடிக்கு நடுவில்?

நாலுக்கும் ஐந்துக்கும்
என்று அடித்து அனுப்பினாள்.
பிறகு எழுந்து போகவில்லை.
அவுட்பாக்ஸைத் திறந்து பார்த்தாள்.
காலி.
மூடிவிட்டு,
இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.